மருந்தின் துன்பமும் தவத்தின் இலக்கணமும்

பிள்ளைப்பேற்றுக்காகத் தரப்படும் மருந்துகள் ஒரு பெண்ணின் உடலுக்கும் உள்ளத்துக்கும் விளைவிக்கும் துன்பத்தை எவ்வாறு தணிப்பது என்பதற்கு மருத்துவத்தில் விடை உண்டு. அத்துன்பத்துக்கு என்ன பொருள் கொள்வது, அதில் பங்கேற்கும் கடமை யாருக்கு உண்டு, தாங்க இயலாதபோது அவளிடம் குறை காண்பது அறமாகுமா என்ற வினாக்களுக்கு அங்கே விடை இல்லை. தமிழ்க் குடும்பங்களில் இவ்வினாக்கள் பெரும்பாலும் சமயத்தின் மொழியிலேயே எழுகின்றன. ‘போன பிறவியில் செய்த வினை’ என்று ஒரு சாராரும், ‘பிள்ளை வரம் வேண்டுமென்றால் தவம் கிடக்கத்தான் வேண்டும்’ என்று மற்றொரு சாராரும் கூறுவதும், இவ்விரண்டையும் சிகிச்சையில் இருக்கும் பெண்ணே தன் மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வதும் பலரும் அறிந்ததே. வினை, தவம் என்னும் இவ்விரு கருத்துகளும் அவற்றை வகுத்த மரபுகளில் எப்பொருளில் நிற்கின்றன என்று பார்த்தால், குழந்தைக்காக ஏங்கும் பெண்ணின் முன்னே அவை இன்று வைக்கப்படும் முறை அம்மரபுகளுக்கு நேர்மையாக இல்லை என்பது விளங்கும்.

துன்பம் எத்தகையது என்பதை முதலில் அறிதல் வேண்டும். சினைப்பையில் கருமுட்டை முதிர்ந்து வெளிப்படுவதைத் தூண்டுவதற்காகத் தொடக்கத்தில் பெரும்பாலும் தரப்படுபவை குளோமிஃபீன், லெட்ரோசோல் என்ற மாத்திரைகள். 1967இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் உடலில் இருக்கும்போதே அது மூளைக்குத் தெரியாதபடி மறைத்துவிடுகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிட்டதாகக் கொள்ளும் மூளை, சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கச் செய்கிறது. மாதவிடாய் நிற்கும் பருவத்துக்குரிய திடீர் உடற்சூடும் வியர்வையும் இருபத்தெட்டு, முப்பது வயதுப் பெண்களுக்கு இம்மாத்திரையால் வருவது இக்காரணம் பற்றியே. தலைவலி, காரணமற்ற எரிச்சல், அழுகை, வயிற்று உப்புசம் ஆகியவையும் உடன்வரலாம். பார்வை மங்குதலோ கண்முன் ஒளிப்புள்ளிகள் தோன்றுதலோ ஏற்பட்டால் மாத்திரையை நிறுத்தி மருத்துவரிடம் உடனே தெரிவிக்க வேண்டும்.

சோதனைக்குழாய் முறை என்று மக்கள் அழைக்கும் வெளிக்கருத்தரிப்புக்குச் செல்வோருக்கு ஊசிகள் தொடங்குகின்றன. குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாவுப் பாத்திரத்துக்கும் தயிர்க் கிண்ணத்துக்கும் அருகே அம்மருந்துப் பெட்டி இருக்கும். நாள்தோறும் குறித்த வேளையில், தொப்புளுக்குக் கீழே தோலை இரு விரல்களால் பற்றித் தூக்கி, பஞ்சால் துடைத்து, நேற்றுக் குத்திய இடம் கன்றியிருந்தால் மறுபக்கம் குத்திக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ எட்டு முதல் பன்னிரண்டு நாட்கள் இவ்வாறு செல்ல, இடையிடையே ஸ்கேன் எடுத்துக் கருமுட்டைகளின் வளர்ச்சி அளக்கப்படுகிறது. கரு கருப்பைக்குள் வைக்கப்பட்ட பின்னர் அதனைத் தாங்குவதற்காகப் புரோஜெஸ்டிரோன் தரப்படும். எண்ணெயில் கரைத்த அம்மருந்தை இடுப்புத் தசையில் போடும்போது, அது தடித்த நீர்மமாதலின் மெதுவாக இறங்கி, இறங்கிய இடத்தில் கட்டிபோல் திரண்டு நிற்க, வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுக்கும் இரவுகள் பல வாரங்கள் நீளலாம். சிலருக்குச் சினைப்பை மருந்துக்கு அளவுமீறித் துலங்கி வீங்கி, இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் தேங்கும் நிலை உண்டாகும். சினைப்பை மிகைத்தூண்டல் எனப்படும் இந்நிலை கடுமையாகும்போது உடல் எடை விரைந்து ஏறுவதும், மூச்சு முட்டுவதும், சிறுநீர் குறைவதும் காணப்படும். உயிருக்கே ஊறு நேரக்கூடிய இதனைப் பொறுமையால் கடக்க முடியாது, மருத்துவமனைக்குச் சென்றே தீர வேண்டும்.

இத்துன்பங்களைத் தமிழ் மனம் நேர்த்தியோடு இணைத்துப் பார்ப்பதில் வியப்பில்லை. நேர்த்தி என்பது வேண்டியது கிட்டும் பொருட்டுத் தெய்வத்தின் முன்னே தன் உடலால் ஒன்றைச் செய்வதாக ஏற்கும் உறுதிமொழி. கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவதும், கையால் தொடாமல் தரையில் இட்ட மண்சோற்றை வாயால் எடுத்து உண்பதும், ஐப்பசியில் கந்த சஷ்டிக்கு ஆறு நாட்கள் உணவைக் குறைத்தோ விலக்கியோ இருப்பதும் பிள்ளை வரத்துக்காகப் பெண்கள் மேற்கொண்டுவரும் நோன்புகள். சட்டியில் இருந்தால் அகப்பையில் வரும் என்ற பழமொழிக்கு, சஷ்டி விரதம் இருந்தால் அகத்தின் பையாகிய கருப்பையில் குழந்தை வரும் என்று பொருள் சொல்லும் வழக்கம் பரவலாக உள்ளது. சிகிச்சைக்கும் நோன்புக்கும் புறத்தோற்றத்தில் ஒற்றுமை மிகுதி: இரண்டிலும் நாட்கள் குறிக்கப்படுகின்றன, வேளை தவறலாகாது, உணவிலும் உறவிலும் விலக்குகள் உள்ளன, இறுதியில் கிடைப்பது உறுதியற்றது. ஆகவே மருந்தின் வலியை நோன்பின் வலியாகக் கருதும் பெண் அதனால் வலிமை பெறுகிறாள் என்றால், அந்தக் கருத்தை அவளிடமிருந்து பறிக்க எவருக்கும் உரிமை இல்லை. அவள் அவ்வாறு கருதாதபோது, மற்றவர்கள் அதனை அவள்மேல் சுமத்துவதில்தான் இடர்ப்பாடு தொடங்குகிறது.

வினைக் கொள்கையை எடுத்துக்கொள்வோருக்குச் சைவ சித்தாந்தத்தின் முதல்நூலாகிய சிவஞானபோதத்தை அருளிய மெய்கண்டார் பிறந்த வரலாறே தகுந்த விடையாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டினராகிய அவருடைய தந்தை, திருப்பெண்ணாகடத்தில் வாழ்ந்த அச்சுத களப்பாளர், நெடுங்காலம் பிள்ளையின்றி வருந்தித் தம் குலகுருவாகிய சகலாகம பண்டிதரிடம் முறையிட்டார் என்றும், அவர் திருமுறையில் கயிறு சாத்திப் பார்க்கச் செய்தார் என்றும் மரபு கூறுகிறது. கயிறு சாத்துதல் என்பது ஏட்டுச்சுவடியின் இடையே நூலை நுழைத்து, அங்கே வரும் பாடலை இறைவன் தந்த விடையாகக் கொள்ளுதல். திருவெண்காட்டின் முக்குளத்தில் நீராடுவோர் பிள்ளைப்பேறு பெறுவர் என்னும் கருத்துடைய ஞானசம்பந்தர் திருப்பதிகம் வந்தது. கணவனும் மனைவியும் அவ்வூர் சென்று நீராடி வழிபட்டிருக்கும் நாளில், இப்பிறவியில் உனக்குப் பிள்ளைப்பேறு இல்லை என்று இறைவனே கனவில் அறிவித்ததாகவும், தாம் சம்பந்தரின் வாக்கை நம்பியே வந்ததாக அச்சுத களப்பாளர் விடையிறுத்ததாகவும், அந்த நம்பிக்கைக்கு இரங்கி இறைவன் அருள்செய்ததாகவும் அவ்வரலாறு தொடர்கிறது.

இதனை வரலாற்றுச் செய்தியாக ஏற்பதும் ஏலாததும் அவரவர் விருப்பம். வினையை மிக நுணுகி ஆராய்ந்த ஒரு தத்துவ மரபு, தன் ஆசிரியரின் பிறப்பைச் சொல்லும்போது, ‘உனக்கு இல்லை’ என்ற சொல்லைக் கேட்டு அடங்கிப் போகாத ஓர் இணையை முன்னிறுத்துகிறது என்பதே இங்குக் கருதத்தக்கது. சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கும்: முன்பு ஈட்டிச் சேர்ந்து கிடப்பது சஞ்சிதம், அதிலிருந்து இப்பிறவியில் நுகர வந்தது பிராரத்தம், நுகரும்போது புதிதாக ஈட்டப்படுவது ஆகாமியம். மகப்பேறின்மையை ஒருவர் தம்முடைய பிராரத்தம் என்று கருதி அமைதி கொள்ளலாம். பிறிதொருத்தியைப் பார்த்து ‘இது உன் வினை’ என்று சொல்லி அவள் நெஞ்சைப் புண்படுத்துவோர், அக்கணத்திலேயே தமக்கு ஆகாமியத்தை ஈட்டிக்கொள்கிறார்கள். வளைகாப்பு வீட்டில் வளையல் அடுக்க அழைக்காமல் ஒருத்தியை ஓரமாக உட்கார வைப்பவர்களும், ‘ஏதாவது விசேஷம் உண்டா’ என்று மாதந்தோறும் கேட்பவர்களும் வினைக் கொள்கையின் இப்பகுதியை எண்ணிப் பார்ப்பது நல்லது. வினையின் பெயரால் மருந்தின் வலியை நியாயப்படுத்துவதற்கும் அக்கொள்கையில் இடமில்லை. நோய்க்கு மருந்துண்பதையும் வலிக்கு மாற்றுத் தேடுவதையும் வினைக்கு எதிரான குற்றமாகச் சைவம் ஒருபோதும் கூறியதில்லை.

தவம் என்னும் கருத்து இதைவிட ஆழமானது, அதனால் தவறாகப் பயன்படுவதற்கும் எளிதானது. திருக்குறளின் இருபத்தேழாம் அதிகாரம் தவத்தின் வடிவத்தை இரண்டு உறுப்புகளால் வரையறுக்கிறது: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல் ஒன்று, பிற உயிர்க்குத் துன்பம் செய்யாமை மற்றொன்று. இவ்விரண்டும் சேர்ந்த அளவே தவம் என்பது வள்ளுவர் கருத்து. பிள்ளைக்காக ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைப் புகழ்வோர் முதல் உறுப்பை மட்டும் எடுத்து அவளிடம் தருகிறார்கள். இரண்டாம் உறுப்பு அவளைச் சுற்றியிருப்போருக்கு விதிக்கும் கடமையைப் பேசுவதில்லை. அதே அதிகாரத்தில் இன்னொரு கருத்தும் உள்ளது: துறந்தவர்களுக்கு உணவும் பிறவும் உதவ வேண்டியே மற்றையோர் தாம் தவம் செய்ய மறந்தார்களோ என்று வள்ளுவர் வினவுகிறார். தவம் செய்பவர் தனியே விடப்படுவதில்லை, அவருக்குத் துணைநிற்பது இல்லறத்தாரின் பங்கு என்பது அதன் உட்பொருள். அவ்வளவுகோலின்படி, மருமகள் தவமிருக்கிறாள் என்று பெருமையோடு சொல்லும் வீட்டில் காலை ஆறு மணிக்கு அடுப்படியில் நிற்பவள் யார், ஊசிக்குரிய வேளையை நினைவில் வைப்பவர் யார், ஸ்கேனுக்காக மருத்துவமனை வரிசையில் உடன் அமர்பவர் யார் என்பவை அற்பக் கேள்விகளாகா. தவம் என்று சொல்லிவிட்டு வேலையையும் அவள்மேலேயே விட்டுவைக்கும் வீடு, வள்ளுவர் கூறும் தவத்தின் பக்கம் இல்லை.

வேதாந்த மரபில் இதற்கு இணையாகக் கூறப்படுவது திதிக்ஷை, அதாவது இன்பதுன்பங்களைச் சலனமின்றித் தாங்கும் ஆற்றல். குளிரும் வெப்பமும் இன்பமும் துன்பமும் புலன்களின் தொடர்பால் வந்து போவன, அவற்றைப் பொறுத்துக்கொள் என்று பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம் அருச்சுனனுக்குக் கூறுகிறது. சங்கரர் இயற்றியதாகக் கொள்ளப்படும் விவேகசூடாமணி இன்னும் கடுமையாக, மாற்று எதுவும் தேடாமலும் கவலையும் புலம்பலும் இன்றியும் எல்லாத் துன்பங்களையும் தாங்குவதே திதிக்ஷை என்று வரையறுக்கிறது. இவ்வரையறை வீடுபேற்றை நாடி உலகப் பற்றைத் துறக்க முனைந்தவனுக்குரிய தகுதிகளுள் ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது என்பதை மறக்கலாகாது. குழந்தைச் செல்வத்தை வேண்டி நிற்பவளோ இல்லறத்தில் முழுமையாக ஊன்றி நிற்பவள். துறவிக்கு உரிய ஒழுக்கத்தை அவளிடம் எதிர்பார்த்து, தலைவலிக்கு மாத்திரை கேட்டாலும் கட்டிலில் படுத்து அழுதாலும் ‘மனவுறுதி போதவில்லை’ என்பது நூலை இடம் மாற்றிப் படிப்பதாகும். வலியை மருத்துவரிடம் சொல்லுதலும், மருந்தின் அளவை மாற்றித் தரக் கேட்டலும், ஊசிக்குப் பதிலாக வேறு வடிவில் புரோஜெஸ்டிரோன் தர இயலுமா என்று உசாவுதலும் இல்லறத்தாளின் அறிவுடைமைக்கு உரியவை.

இங்கே பழைய நூல்கள் எதிர்கொள்ளாத ஒரு சிக்கலும் உண்டு. பௌத்தத்தின் சம்யுத்த நிகாயத்தில் உள்ள சல்ல சுத்தம், பயிற்சியற்றவனை இரண்டு அம்புகள் தைக்கின்றன என்கிறது: உடலின் வலி முதல் அம்பு, அவ்வலியைப் பற்றி மனம் கொள்ளும் வேதனை இரண்டாம் அம்பு, அறிவுடையோனை முதல் அம்பு மட்டுமே தைக்கும். துன்பத்தைத் தாங்குவது பற்றிய மிக நுட்பமான போதனைகளுள் ஒன்றாகிய இது, மனம் உடலின் வலியிலிருந்து விலகி நின்று அதனை நோக்க முடியும் என்ற அடிப்படையில் எழுந்தது. ஹார்மோன் மருந்துகளோ மனத்தின் தன்மையையே மாற்றுகின்றன. காலையில் சிறு சொல்லுக்குப் பொங்கும் சினமும், மாலையில் காரணம் தெரியாமல் வரும் அழுகையும், எதிலும் பிடிப்பற்ற சோர்வும் மருந்தினாலும் விளையக்கூடும். அப்போது இரண்டாம் அம்பும் வெளியிலிருந்தே வருகிறது. எந்த மனத்தைக் கொண்டு வேதனையை அடக்க வேண்டுமோ அந்த மனமே மருந்தின் பிடியில் இருக்கையில், அடக்க இயலாமையை அறக்குறை என்று கணக்கிடுவது பிழை. தன் மனநிலை மாற்றத்தில் மருந்துக்குப் பங்கு உண்டு என்று அப்பெண் முன்கூட்டியே அறிந்திருப்பதும், கணவனும் வீட்டாரும் அறிந்திருப்பதும் இதனால் மிகவும் இன்றியமையாதவை. ‘இது நான் இல்லை, இது மருந்து’ என்று தன்னிடமே சொல்லிக்கொள்ள முடிகிறவளுக்குக் குற்றவுணர்ச்சி பாதியாகக் குறையும். சோர்வு நாட்கணக்கில் நீங்காமல் நின்றாலோ வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் தலைகாட்டினாலோ அதனை மருத்துவரிடம் அன்றே சொல்லிவிட வேண்டும்.

விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், சாமுவேலின் தாயாகிய அன்னாளின் கதை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பிள்ளையில்லாமையைச் சொல்லிக் குத்திக்காட்டிய பெனின்னாளின் சொற்களால் நொந்த அன்னாள், ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஓசையின்றி வேண்டிக்கொண்டிருந்தபோது, ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடித்திருப்பவள் என்று எண்ணிக் கடிந்துகொள்கிறான். கணவன் எல்க்கானா அன்புடையவன். ஆயினும் பத்துப் பிள்ளைகளைவிடத் தான் அவளுக்கு மேலானவன் இல்லையா என்று கேட்பதற்கு மேல் அவனுக்கு அவளுடைய துயரம் பிடிபடவில்லை. அறிந்தே துன்புறுத்துபவள், அன்பிருந்தும் அறியாதவன், அறியாமலே தீர்ப்பளிக்கும் சமயத் தலைவன் என இம்மூவரும் குழந்தை வேண்டும் பெண்ணைச் சுற்றி இன்றும் நிற்கிறார்கள். ஏலி தன் தவற்றை உணர்ந்த உடனே அவளைச் சமாதானத்தோடு வாழ்த்தி அனுப்பினான் என்பதையும் அக்கதை பதிந்து வைத்திருக்கிறது. பூசாரிகளும் போதகர்களும் மருத்துவர்களும் அவனிடம் கற்க வேண்டியது அது.

பக்கவிளைவு என்பது அறவியலிலும் ஆராயப்பட்ட கருத்து. பதின்மூன்றாம் நூற்றாண்டின் கிறித்தவ இறையியலார் தாமஸ் அக்குவினாஸ் தற்காப்பைப் பற்றி எழுதுகையில், ஒரு செயலுக்கு நோக்கமாகக் கொண்ட விளைவும் நோக்கத்துக்குப் புறம்பான விளைவும் இருக்கக்கூடும் என்று பிரித்துக் காட்டினார். இதிலிருந்து வளர்ந்த இரட்டை விளைவுக் கோட்பாட்டின்படி, நல்ல நோக்கத்தோடு செய்யும் செயலால் முன்னறியக்கூடிய தீங்கு ஒன்று உடன்விளையுமானால், அத்தீங்கையே கருவியாகக் கொள்ளாதிருந்து, நன்மைக்கும் அதற்கும் தகுந்த அளவொப்பும் இருந்தால், அச்செயல் ஏற்கத்தக்கது. கத்தோலிக்கத் திருச்சபை 1987இல் வெளியிட்ட அறிக்கையில் வெளிக்கருத்தரிப்பை ஏற்க மறுத்ததாயினும், கருமுட்டை வெளிப்பட உதவும் மருத்துவத்தை விலக்கவில்லை. அளவொப்பு என்னும் சொல்லே இங்குக் கேள்விக்குரியது. நன்மை இருவருக்கு, குடும்பம் முழுவதற்கு. தீங்கோ ஒரே உடலுக்கு. 1992இல் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகர மருத்துவர்கள் ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் நேரே செலுத்திக் குழந்தைப்பேறு கண்ட செய்தியை வெளியிட்ட பின், ஆணின் விந்தணுக் குறைபாட்டுக்குச் சிகிச்சை கிட்டியது. அக்குறைபாடு கணவனுடையதாயினும், நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்பவளும் மயக்க மருந்தின்கீழ் கருமுட்டை எடுக்கப்படுபவளும் குறையேதுமற்ற மனைவியே. இதனை மாற்றுவதற்கு உயிரியலில் இன்று வழியில்லை. வழியில்லாத இடத்தில், கணவனின் குறையை மறைத்து ‘மலடி’ என்ற பழியையும் அவளே சுமக்கும்படி விடுவது தீங்கின்மேல் செய்யும் தீங்கு. தங்களுக்குக் குழந்தையில்லாததன் காரணத்தில் தன் பங்கைக் கணவன் தன் பெற்றோரிடம் தானே சொல்வது அவன் செய்யக்கூடிய முதல் அறம்.

துறவுக்கும் மகப்பேற்றுக்கும் உள்ள உறவில் இம்மருந்துகளின் வரலாறே வியப்பூட்டும் ஒரு பக்கத்தை வைத்திருக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரில் சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்கள் மிகுதியாக வெளியேறும். அதிலிருந்து அவற்றைப் பிரித்தெடுக்கும் முறையை இத்தாலிய வேதியியலார் பியேரோ தொனினி கண்டறிய, பெரிய அளவில் மருந்து செய்வதற்கு வேண்டிய சிறுநீர் இத்தாலியின் மடங்களில் வாழ்ந்த முதிய கன்னியாஸ்திரீகளிடமிருந்து சேகரிக்கப்பட்டது. அம்மருந்தால் கருவுற்ற முதல் பெண் இஸ்ரேலில் 1962இல் குழந்தை ஈன்றாள். பிள்ளை பெறுவதை இறைவனுக்காகத் துறந்த பெண்களின் உடலிலிருந்து, பிள்ளைக்காக ஏங்கிய பெண்களுக்கு மருந்து பிறந்தது. வாழ்நாள் முழுதும் பிறருக்காக மன்றாடிய அம்மூதாட்டியர் தங்கள் சமயத்தையும் நாட்டையும் சேராத பெண்களுக்குச் செய்த இவ்வுதவியை, தவத்தின் இரண்டாம் உறுப்பையும் கடந்த ஒன்றாகவே கொள்ள வேண்டும்.

நோன்பும் மருந்தும் ஒரே நாளில் சந்திக்கும்போது எது முந்துவது என்ற நடைமுறை வினாவுக்குச் சமயங்கள் இரக்கமுள்ள விடையையே தருகின்றன. ரமலான் மாதத்தில் நோயாளிகள் நோன்பை விட்டு வேறு நாட்களில் ஈடுசெய்ய இஸ்லாம் வெளிப்படையாக அனுமதிக்கிறது. சஷ்டி விரதத்தையும் பால், பழம் உண்டோ ஒருபொழுது உண்டோ இருக்கும் வழக்கம் உள்ளது. சினைப்பை மிகைத்தூண்டலுக்கு வாய்ப்புள்ள பெண் நீர்கூட அருந்தாமல் இருப்பது உடலில் நீர்வற்றச் செய்து ஆபத்தை மிகுவிக்கும். ஆகவே சிகிச்சை நடக்கும் மாதத்தில் விரதம் இருப்பதாயின் அதனை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவதும், அவர் தடுத்தால் விட்டுவிடுவதும் பக்தியைக் குறைப்பதில்லை.

கடைசியாக, நிறுத்துவது பற்றி. நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டால் தெய்வக் குற்றம் வரும் என்ற அச்சம் நோன்பிலிருந்து சிகிச்சைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இரண்டு சுற்று, மூன்று சுற்று என்று உடல் தளர்ந்த பின்னும், ‘இவ்வளவு பட்டுவிட்டு இப்போது விடுவதா’ என்ற கேள்வி பெண்களை மேலும் ஊசிகளுக்கு அனுப்புகிறது. பட்ட துன்பம் அடுத்த துன்பத்துக்குக் காரணமாக முடியாது. இந்தியாவில் செயற்கைமுறைக் கருத்தரிப்பு மையங்களை ஒழுங்குபடுத்த 2021இல் இயற்றப்பட்ட சட்டம், எழுத்துமூலமான ஒப்புதல் இன்றிச் சிகிச்சை செய்யலாகாது என்றும், கரு கருப்பைக்குள் வைக்கப்படும் வரை அவ்வொப்புதலைத் திரும்பப் பெறலாம் என்றும் கூறுகிறது. சட்டம் தந்துள்ள இவ்வுரிமையைக் குடும்பமும் கோயிலும் அப்பெண்ணுக்குத் தர வேண்டும்: அடுத்த சுற்று வேண்டுமா என்று அவளிடம் கேட்கப்பட வேண்டும், வேண்டாம் என்று அவள் சொன்னால் அதற்குக் காரணம் கேட்காதிருக்க வேண்டும்.